எடைக்குப் போகும் சாட்சியங்கள்

மகாயுத்த காலத்துப் படைச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்போரைக் கண்டு நம்மவர் சிலர் நகைக்கின்றனர். வெள்ளைக்காரன் தொப்பியில் குத்திய பித்தளையைக் கொண்டு என்ன காணப்போகிறீர்கள், வேளாண்மை கிடக்கிற கிடையில் இதற்கா காலம் என்பது அவர்கள் வாதம்.

நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்த யுத்தம் நமது வயலைத் தொடாமலா போயிற்று? 1942 மார்ச்சில் றங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. உள்நாட்டு நெல்லை அரசாங்கம் கொள்முதல் செய்யும் திட்டம் பிறந்ததும் அவ்வாண்டிலேதான். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதும் 9ஆம் திகதி திருகோணமலை மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலிலே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் அங்கேயே கிடக்கிறது. அக்கரைப்பற்று அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓர் பகுதி. அம்பாறை மாவட்டம் பிறந்தது 1961இல். ஆகவே நமது யுத்தகாலக் கதையை ஏட்டிலே தேடுவோன் மட்டக்களப்பின் பெயரிலேதான் தேடவேண்டும். ஏட்டில் இல்லாததை எங்கே தேடுவது?

பழைய தகரப் பெட்டியிலே தேடலாம். மூத்தாப்பா விட்டுச் சென்ற ஒரு சீலைத் துண்டில் காண்டாமிருகத் தலை தைத்திருக்குமாயின், அது 11ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவின் அடையாளம். கென்யாவிலும் உகண்டாவிலும் நியாசாலாந்திலும் திரட்டப்பட்ட கறுப்பினப் போர்வீரர், 1944இல் பர்மாவின் காடுகளுக்குப் போகுமுன் இலங்கையிலேதான் பயிற்சி பெற்றனர். தீயிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை இருப்பின், அது 1944 ஏப்ரலில் பேராதனைக்கு வந்த தென்கிழக்காசியத் தலைமையகத்தைச் சேர்ந்தது. தொப்பிச் சின்னத்தின் கிரீடத்தைப் பாருங்கள். அதன் வளைவு உருண்டு மேடிட்டிருந்தால் 1901 முதல் 1952 வரையான அரசர்கள் காலம். நடுவே அமுங்கியிருந்தால் விக்டோரியா அல்லது எலிசபெத் ராணி காலம். சின்னம் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்தால், பித்தளையைத் தோட்டாவுக்கு மிச்சம்பிடித்த யுத்த நெருக்கடியை அதுவே எடுத்துரைக்கும். எழுதத் தெரியாத ஒரு பொருள் இத்தனை பேசுகிறது!

இத்தகைய பொருளுக்கு நாட்டின் சட்டம் கொடுத்த மதிப்பென்ன? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வகுத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கண்டி இராச்சியம் முடிந்த அன்றோடு சரித்திரமும் முடிந்துவிட்டதென்று எண்ணினார்கள் போலும்! அதற்குப் பின் வந்த விவசாயிக்கும் மீனவனுக்கும் சிப்பாய்க்கும் சரித்திரமே இல்லையா? வேலி இல்லாத பயிரை யார் மேய்ந்தால் என்ன என்ற நிலையிலே இப்பொருட்கள் கிடக்கின்றன.

மேய வருகிறவர் இருவகை. ஒருவர் பழைய இரும்புக்காரர். அவரை நாம் நோவதற்கில்லை. எடைக்கு வாங்கி எடைக்கு விற்பது அவர் பிழைப்பு, அதில் ஒளிவுமறைவும் இல்லை. மற்றவர் சேகரிப்பாளர் என்னும் பெயரில் வரும் வியாபாரி. எந்த வீட்டில், எந்த வரம்பில், யார் கையிலிருந்து கிடைத்தது என்பதை அவர் கேட்பதில்லை, கேட்டாலும் எழுதுவதில்லை. இடமும் ஆளும் போன பின் எஞ்சுவது வெறும் உலோகம். வெளிநாட்டுச் சந்தையிலோ பழைய அச்சிலேயே புதிதாக அடித்த போலிகள் மலிந்துள்ளன. புறவூதா ஒளியில் பளீரென மின்னும் இக்கால நூலால் தைத்த "யுத்தகால" அடையாளங்களும் அங்கே உண்டு. அசலையும் போலியையும் பிரித்தறியக் கிடைத்த இடத்தின் குறிப்பைவிட நல்ல துணை வேறில்லை. அதையே எறிந்துவிட்டுப் பொருளை மட்டும் பொத்திக்கொள்வதை ஆராய்ச்சி என்று அழைப்பது தகுமா?

ஏகாதிபத்தியத்தின் சின்னத்தைப் போற்றலாமா என்று கேட்கும் தேசபக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவிலே இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தம் ஆங்கில அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிரேஷியன் பெர்னாண்டோ முதலிய மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். அடங்கி நின்றவனும் தூக்குமேடை ஏறியவனும் அணிந்தது ஒரே படையின் சின்னந்தான். மலாயாத் தோட்டங்களிலே பால்வெட்டிய தமிழர் நேதாஜியின் படையிற் சேர்ந்து பாயும் புலியை அணிந்ததும் அதே யுத்தத்திலேதான். சின்னத்தைப் பாதுகாப்பவன் அதற்குச் சலாம் போடுகிறான் என்று எவர் சொன்னார்?

அன்றியும், அப்படைகளுக்குச் சோறு போட்ட விவசாயிக்கு எவரும் சின்னம் வழங்கவில்லை. பங்கீட்டுப் புத்தகமும் நெல் கொடுத்த பற்றுச்சீட்டுமே அவன் பதக்கங்கள். அவையும் காண்டாமிருகத்தோடு ஒரே பெட்டியிலே வைக்கப்பட வேண்டியவை என்பது நமது கட்சி.

நாம் கேட்பது மாளிகையன்று. அக்கரைப்பற்றிலே பொதுமக்கள் வந்து பார்க்கும் ஓரிடத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்று, பூட்டு ஒன்று, பேரேடு ஒன்று. பேரேட்டிலே கொடுத்தவர் பெயர், கிடைத்த இடம், அதுபற்றி வீட்டார் சொன்ன கதை ஆகியவை சொன்னபடியே எழுதப்படட்டும். மாநகரசபை இதற்குப் பணமில்லை என்று சொல்லுமாயின், அலுமாரியின் விலையை நம்மிடம் சொல்லட்டும். அதுவரை, வைத்திருப்போர் புளி போட்டு மினுக்காதிருப்பாராக; தேய்ந்த எழுத்தை எந்த நிபுணராலும் திரும்ப வாசிக்க இயலாது.