மேகம் முக்கியமா, இறக்கை முக்கியமா?

வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டிப் பார்க்க எந்த ஃபிளைட் சிமுலேட்டர் நல்லது என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. படம் அழகாயிருக்கிறதா என்றே பலரும் பார்க்கிறார்கள். 2020-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகையே விரித்துக் காட்டுகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு ஏறத்தாழ 150 கிகாபைட் இடம் வேண்டும். என் பழைய பெட்டி தாங்காது!

பௌதிகம் பயில்பவர் கவனிக்க வேண்டியது இறக்கையை அன்றோ? எக்ஸ்-பிளேன், இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையை நொடிக்குப் பல முறை கணக்கிட்டுக் கூட்டுகிறது. அவ்விசைகளைத் திரையில் கோடுகளாகவும் காணலாம். எஞ்சின் வேகத்தைக் குறைத்து, மூக்கை மெல்ல உயர்த்துங்கள். எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டியதும் தூக்குவிசைக் கோடுகள் சுருங்கும், விமானம் தலைகவிழும்.

காசு இல்லையா? ஃபிளைட்கியர் இலவசம். அதிலுள்ள செஸ்னா 172-இன் தகவல் கோப்பைத் திறந்து, இறக்கைப் பரப்பைப் பாதியாக்குங்கள். தரையை விட்டெழ விமானம் முன்பைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு வேகம் கேட்கும். ஏன் 2 மடங்கு இல்லை? இப்படிக் கேட்க வைப்பதாலேயே, காட்சி சற்று மங்கலானாலும், என் வாக்கு ஃபிளைட்கியருக்குத்தான்.