வளர்த்தவர் கையில் வளர்ந்தவர் நிற்பரோ?

சிதைந்த குழுவொன்றை மீளக் கட்டுதல் அரிது. கட்டிய குழுவைக் கலையாது காத்தல் அதனினும் அரிது. கல்லூரிக் குழுக்களில் ஆடிய நம் பழைய மாணவர் இதனை நன்கறிவர். ஆண்டுதோறும் மூத்தோர் விடைபெற, குழு புதிதாய்த் தொடங்கும். இங்கே வீரரைப் பிரிப்பது வயது. அமெரிக்கத் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத்திலோ பெரும்பாலும் பணமே பிரிக்கின்றது. இதற்கு ஒக்லஹோமா சிற்றி தண்டர் குழுவின் வரலாறு தக்க சான்றாகும்.

2012 ஆம் ஆண்டு அக்குழு இறுதித் தொடரை எய்தியபோது, கெவின் டியூரன்ற், ரசல் வெஸ்ற்புறூக், ஜேம்ஸ் ஹாடன், சேர்ஜ் இபாக்கா ஆகிய நால்வரும் 24 வயதும் நிரம்பாத இளைஞர். மயாமிக் குழுவிடம் தோற்றனரெனினும் எதிர்காலம் அவர்களதே எனப் பலர் நம்பினர். ஆயின், அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே, ஒப்பந்தத் தொகையிற் சில மில்லியன் டொலர் வேறுபாடு தீராமையால் ஹாடன் ஹூஸ்ரனுக்குக் கைமாற்றப்பட்டார். 2016 இல் டியூரன்ற் தம் விருப்பாற் கோல்டன் ஸ்ரேற் குழுவை நாடிச் சென்றார். டியூரன்ற் 2014 இலும், வெஸ்ற்புறூக் 2017 இலும், ஹாடன் 2018 இலும் ஆண்டின் மிகச் சிறந்த வீரராயினர். இத்தகைய மூவரை வளர்த்தும் அந்நகர் அவர்களால் ஒரு வெற்றிக் கிண்ணமும் பெறவில்லை.

பின்னர் முகாமையாளர் சாம் பிரெஸ்ரி மீண்டும் அடித்தளமிட்டார். 2019 இற் போல் ஜோர்ஜ் என்னும் புகழ்பெற்ற வீரரைக் கொடுத்து, 21 வயதும் நிரம்பாத ஷே கில்ஜஸ் அலெக்சாந்தரையும், புதிய வீரரைத் தெரியும் உரிமைகள் பலவற்றையும் பெற்றார். அவ்வுரிமைகளுள் ஒன்றினாலேயே 2022 இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். அதே ஆண்டிற் செற் ஹோம்கிரெனும் தெரிவானார். 2020–21 பருவத்தில் 22 வெற்றிகளே கண்ட குழு, 2024–25 இல் 68 வெற்றிகளை ஈட்டி, 2025 ஜூனில் இந்தியானாவை வென்று சம்பியனாயிற்று.

இடர் தொடங்குவது இவ்விடத்தேதான். முதற் சுற்றில் தெரிவாகும் இளைஞன் நான்காண்டு வரை விதித்த சிறு வேதனத்துக்கே ஆடுவான். ஓராண்டில் வந்தோர்க்கு அக்காலம் ஒருங்கே முடியும். பெருந்தொகையும் ஒருங்கே கேட்கப்படும். மேலும், 2023 இன் உடன்படிக்கை சம்பளத்துக்கு இரண்டாவது உச்சவரம்பொன்றை வகுத்தது. அதனைக் கடந்த குழு பெருவரி செலுத்துவதோடு, இரு வீரரின் சம்பளத்தை ஒன்றுகூட்டி வேறொருவரைக் கைமாற்றிப் பெறவும் இயலாது. கூடி வாழ்ந்தாற் கோடி நன்மை என்பது நம் முதுமொழி. அங்கோ கூடி வாழ்வதற்கே கோடிகள் வேண்டும்.

இதனையறிந்தும் 2025 ஜூலையில் அம்மூவருக்குமாக ஏறத்தாழ 82 கோடி டொலர் வரையான ஒப்பந்தங்களை நிருவாகம் செய்தது. அது நன்றே செய்தது என்பது நம் துணிபு. ஹாடனின் பிரிவு, காலத்திற் கொடாமையின் விளைவு. டியூரன்றின் பிரிவோ, பணம் மட்டும் வீரனை நிறுத்தாது, வெல்லும் நம்பிக்கையும் வேண்டும் என்பதற்குச் சான்று. இம்முறை இரண்டும் வாய்த்தன.

எனினும் எல்லாரையும் காக்க எவராலும் இயலாது. தூணாகிய மூவரை நிறுத்தல் வேண்டுமாயின், துணைவீரர் சிலருக்கு விடைகொடுத்தே ஆகவேண்டும். சேமித்த தெரிவுரிமைகள் அவ்விடத்தை நிரப்பட்டும். ஆனால் வரிக்கு அஞ்சித் தூணொன்றைப் பெயர்ப்பின், அது 2012 இன் பிழையை மீளச் செய்ததாகும்.

2023 டிசெம்பரில் அந்நகர மக்கள், குறைந்தது 90 கோடி டொலர் செலவில் அக்குழுவுக்குப் புதிய அரங்கம் எழுப்ப ஒரு வீத விற்பனை வரியைத் தாமே ஏற்று வாக்களித்தனர். கடையிற் பாணும் பாலும் வாங்குவோர் அரங்குக்கு வரி இறுக்க இசைந்தபின், குழுவுக்குரிய செல்வர் தம் வரியைக் காரணங்காட்டி வீரரைக் கைவிடுதல் முறையாகாது.