எட்டு மாணவர் எழுதினால் எது தேர்ச்சி விழுக்காடு?

நாட்டில் ஆக அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். எண்ணிக்கை 130-ஐத் தாண்டும். நூற்றுக்கணக்கானோர் படிக்கும் ஈப்போ நகரப் பள்ளியும், ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டத்தில் வகுப்புக்கு ஏழெட்டுப் பேரோடு நடக்கும் பள்ளியும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. 150 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் கல்வி அமைச்சு அதை ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது.

யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் முடிவு வெளியானதும் முதலில் கேட்கப்பட்டது, எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பதுதான். சிறிய தோட்டப் பள்ளி நூறு விழுக்காடு பெற்றால் பொன்னாடை, மாலை. மறு ஆண்டு அதே பள்ளி ஐம்பதுக்கு இறங்கினால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்த ஓராண்டில் பள்ளியில் உண்மையிலேயே ஏதாவது மாறியதா?

கணக்கு வேறு கதை சொல்கிறது. ஒவ்வொரு மாணவரும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் தேர்வு எழுதும் இத்தகைய 100 பள்ளிகளில் ஏறக்குறைய ஆறு பள்ளிகள், சிறப்பாக எதுவும் செய்யாமலேயே, நூறு விழுக்காடு பெற்றுவிடும். ஏறக்குறைய 19 பள்ளிகளில் பாதிப் பேரோ அதற்கும் குறைவானவர்களோதான் தேறுவார்கள். எல்லாப் பள்ளியிலும் அதே தரம், அதே உழைப்பு. 120 பேர் எழுதும் நகரப் பள்ளியில் இந்த ஆட்டம் நடக்காது. அங்கே ஒரு மாணவர் தவறினால் ஒரு விழுக்காடுகூடக் குறையாது. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே பன்னிரண்டரை விழுக்காடு போய்விடும்.

இதில் பாதிக்கப்படுவது பெயர் மட்டுமல்ல. முடிவு சரிந்தது என்று கேள்விப்படும் பெற்றோர் பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மாணவர் எண்ணிக்கை மேலும் குறைகிறது. அடுத்த ஆண்டின் விழுக்காடு இன்னும் தாறுமாறாக ஆடுகிறது.

2021-இல் யூபிஎஸ்ஆர் அகற்றப்பட்டது. இப்போது ஆசிரியர் தரும் வகுப்புசார் மதிப்பீடு, ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலை. பிள்ளைகளின் பயம் குறைந்தது நல்லதே. ஆனால் யூபிஎஸ்ஆர் போனபின் ஒரு பள்ளியின் நான்கும் இன்னொரு பள்ளியின் நான்கும் ஒன்றா என்று சரிபார்க்கப் பொதுத் தேர்வு இருக்கவில்லை. நகர்ப்புறத்துக்கும் புறநகருக்கும் இடையிலான அடைவு இடைவெளியை 2020-க்குள் பாதியாகக் குறைப்பதாக 2013-2025 கல்விப் பெருந்திட்டம் சொன்னது. அந்த இடைவெளியைத் தொடர்ந்து அளக்கும் கோலே ஆரம்பப் பள்ளியில் இல்லாமல் போனது.

தரவைக் கணினியிடம் கொடுத்தால் நியாயம் தானாக வந்துவிடாது. 2020-இல் கோவிட்டால் தேர்வு நடக்காத இங்கிலாந்தில், ஏ-லெவல் தரங்களை ஒரு கணிப்பு முறை நிர்ணயித்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறக்குறைய 39 விழுக்காடு குறைக்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடே ஏற்கப்பட்டதால் பயனடைந்தவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள். நான்கே நாளில் அம்முறை கைவிடப்பட்டது.

தரவு அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. கம்பாரில் யூடிஏஆர், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உப்சி என மூன்றும் பேராக்கிலேயே உள்ளன. ஒரே ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். தோட்டப் பள்ளியைத் தோட்டப் பள்ளியோடு ஒப்பிடலாம். முதலாம் ஆண்டில் எழுத்தறியாமல் வந்த பிள்ளை ஆறாம் ஆண்டில் எங்கே நிற்கிறது என்று கணக்கிடலாம். தோட்டப் பள்ளி ஆசிரியரின் உழைப்பு அதில்தான் தெரியும். எட்டுப் பேரின் புள்ளிகளை அப்படியே வெளியிட்டால் யார் பிள்ளை எது என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் புகுமுக வகுப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் எஸ்பிஎம் வரை வந்தார்கள் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க ஒருவர் போதும். எட்டுப் பேர்தானே.