மலையைத் தட்டையாக்கும் கேமரா!

பாஸ், உங்க ஹெல்மெட்டை ஒரு நிமிஷம் கையில எடுங்க. உச்சியில உள்ளங்கையை வெச்சு ஒரு தடவு தடவுங்க. வழவழன்னு வழுக்கிட்டுப் போகுதா? அது அழகுக்காக மட்டும் செஞ்ச வேலை இல்லை. விழுந்தா தலை தரையில சறுக்கிட்டுப் போகணும், எங்கேயும் சிக்கி நிக்கக் கூடாது. அதுக்காகத்தான் அந்த உருண்டை, அந்த வழவழப்பு.

உராய்வைப் பத்தி சிவகாசிக்காரங்களுக்குப் பாடம் எடுக்கணுமா என்ன? பட்டாசு ஆபீஸ்ல மருந்து கலக்குற ரூமுக்குள்ள இரும்புச் சாமானைக் கொண்டுபோக விடமாட்டாங்க. ஒரு உரசல், ஒரு பொறி, அவ்வளவுதான். வீட்டுல யாராவது ஒருத்தர் அந்த வேலை பார்த்திருந்தா, இதை ஸ்கூல் பாடத்துக்கு முன்னாடியே கத்துக்கிட்டிருப்பீங்க. ஹெல்மெட் கதையும் கிட்டத்தட்ட அதேதான். சறுக்க வேண்டிய இடத்துல உரசல் கூடிட்டா ஆபத்து.

இப்போ அந்த வழவழப்பு மேல என்ன ஒட்டி வெச்சிருக்கோம்? பசை தடவின ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதுல ஒரு கொக்கி, அதுக்கு மேல 150 கிராம் எடையில ஒரு சதுரப் பெட்டி. ஆக்‌ஷன் கேமரா!

ஞாயித்துக்கிழமை விடிகாலையில சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கம் வந்து நின்னீங்கன்னா தெரியும். கியர் சைக்கிள்ல காலேஜ் கும்பல் ஒண்ணு போகும். சிலர் பிளவக்கல் அணை வரைக்கும், சிலர் கண்மாய்க் கரை மண் பாதை வரைக்கும். அதுல நாலு பேர்ல ஒருத்தர் தலையிலயாவது அந்தப் பெட்டி உக்காந்திருக்கும். சொந்தமா வாங்கினதோ, கசின்கிட்ட இரவல் வாங்கினதோ, அது அவங்க கதை. சைக்கிள் மிதிக்கிறதை நான் குறை சொல்லவே மாட்டேன். பைக்குக்குப் பெட்ரோல் போட அப்பாகிட்ட கை நீட்டுறதைவிட இது எவ்வளவோ மேல். பிரச்னை அந்தப் பெட்டிதான்.

நம்ம மாவட்டத்துல மண் பாதைன்னா என்ன அர்த்தம்? ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்! தாழ்வா ஒரு கிளை வந்தா குனிஞ்சுடுவோம். எவ்வளவு குனியணும்னு யாரும் கணக்குப் போடுறதில்லை. தன் உயரம் எவ்வளவுன்னு உடம்புக்கே தெரியும். சின்ன வயசுலேர்ந்து வாசல் நிலையில இடிச்சு இடிச்சுப் பழகின கணக்கு அது. ஆனா இன்னிக்குக் காலையில நீங்க ரெண்டரை, மூணு அங்குலம் வளர்ந்துட்டீங்கன்னு உடம்புக்கு யார் சொல்றது? தலை தப்பிச்சுடும், கேமரா மாட்டிக்கும். சைக்கிள் முன்னாடி போகும், தலை பின்னாடி நிக்கும். நடுவுல இருக்கிறது கழுத்து.

விழுந்தாலும் இதே கணக்குதான். ஹெல்மெட் தரையில பட்டுச் சறுக்கினா அடியில பாதி அந்தச் சறுக்கல்லயே போயிடும். துருத்திட்டிருக்கிற பெட்டி கல்லுல மாட்டினா, சறுக்க வேண்டிய தலை சுழலும். தலை சட்டுனு சுழலுறது மூளைக்கு ரொம்பக் கெட்டதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க. இன்னொண்ணு, ஹெல்மெட் அடியைப் பெரிய பரப்புல பரப்பிவிடுறதுக்குச் செஞ்ச பொருள். அதுல கட்டியா ஒண்ணு ஒட்டினா அடி முழுக்க அந்த ஒரு இடத்துலயே இறங்கலாம். அமெரிக்காவுல மோட்டார் பைக் ஹெல்மெட்டுக்கான அரசு விதி, அவசியமான உறுப்பா இருந்தாலும் ஓட்டுக்கு வெளியே 5 மில்லிமீட்டருக்கு மேல கெட்டியா எதுவும் துருத்தக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம பெட்டியோட உயரத்தை ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, சிரிப்பு வரும்.

இந்தச் சந்தேகம் உலகம் பூரா பரவினது ஒரு பெரிய மனுஷனோட விபத்தால. மைக்கேல் ஷூமாக்கர்! ஏழு தடவை ஃபார்முலா ஒன் சாம்பியன். 2013 டிசம்பர் 29 அன்னிக்கு பிரான்ஸ்ல மெரிபெல் பனிமலையில சறுக்கும்போது விழுந்து பாறையில தலை மோதிச்சு. ஹெல்மெட் போட்டிருந்தார். அந்த ஹெல்மெட்ல கேமராவும் இருந்துச்சு. அடுத்த வருஷம் அக்டோபர்ல ழான் லூயி மான்சேன்னு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர், அடி பலமானதுக்குக் கேமராவைப் பொருத்தியிருந்த விதம்தான் காரணம்கிற மாதிரி வானொலியில பேசிட்டார். கோப்ரோ கம்பெனியோட பங்கு விலை ஒரே நாள்ல சுமார் பத்து சதவீதம் சரிஞ்சது. அப்புறம் அவரே, அது என் சொந்தக் கருத்துன்னு விளக்கம் கொடுத்தார். கேமராதான் காரணம்னு எந்த அதிகாரபூர்வ விசாரணையும் சொல்லலை. அதனால 'ஷூமாக்கரைக் கவுத்தது கேமரா'ன்னு வாட்ஸ்அப்ல வந்தா நம்பாதீங்க. அதே கேமராவுல பதிவான படம், என்ன நடந்துச்சுன்னு விசாரிச்சவங்களுக்கு உதவியா இருந்தது இன்னொரு பக்கம்.

சரி, நிரூபணம் ஆகலைன்னா பயப்படணுமான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எனக்குத் தெரிஞ்சவரை, எல்லாமே அந்தப் பெட்டி பிச்சுக்கிட்டுப் போகுதா இல்லையாங்கிறதுலதான் இருக்கு. லேசா ஒட்டியிருந்து, மோதின உடனே பிச்சுக்கிட்டு விழுந்தா பெரிய சேதம் இல்லாம தப்பிக்க வழி இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? முப்பது, நாப்பதாயிரம் ரூபாய் கேமரா ஆச்சே, விழுந்துடக் கூடாதேன்னு கேபிள் டை போட்டு இறுக்குறாங்க. ஃபெவிக்விக் ஊத்துறாங்க. ஒரு மகானுபாவர் ஹெல்மெட்ல டிரில் போட்டு நட்டு போல்ட்டே மாட்டியிருந்ததை நேர்ல பார்த்தேன். உள்ளே இருக்கிறது தெர்மோகோல் மாதிரியான நுரை, பாஸ். ஓட்டை போட்டா அந்த இடத்துல அது ஹெல்மெட்டே இல்லை. சில பசையும் தின்னரும் அந்த நுரையையும் பிளாஸ்டிக்கையும் அரிச்சுடும், வெளியே பார்த்தா தெரியாது. கேமராவைக் காப்பாத்த மண்டையை அடகு வைக்கிற வியாபாரம் இது.

இதுவரைக்கும் சொன்னது பிளாஸ்டிக் சமாசாரம். இதைவிட எனக்குப் பெருசாப் படுறது வேற ஒண்ணு.

நீங்களே கவனிச்சிருப்பீங்க. ஒரு சரிவுல இறங்குறீங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குது. பிரேக் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப்போச்சு. கீழே வந்து 'தப்பிச்சோம்டா சாமி'ன்னு உக்காந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தா... சப்புன்னு இருக்கு! ஏதோ பஸ் ஸ்டாண்டுக்குள்ள சைக்கிள் ஓட்டின மாதிரி. எங்கே போச்சு அந்தச் சரிவு?

கேமரா தின்னுடுச்சு. அந்த லென்ஸ் ரொம்ப அகலமானது. முன்னாடி இருக்கிறதையெல்லாம் தள்ளித் தூரமா, குட்டியாக் காட்டும். நாலடிப் பள்ளம் மாடிப்படி மாதிரி தெரியும். மேடு பள்ளத்துல வர்ற குலுக்கலை உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர் துடைச்சுடும். அதுக்கும் மேல, கேமரா உங்க தலையோடயே சேர்ந்து சாயுது. சரிவைப் பார்த்துக் குனிஞ்சா கேமராவும் குனியும், ஆக படத்துல சரிவு சமதரை ஆயிடும். உங்க காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு 'சாயுறோம், சாயுறோம்'னு அலறினதை எந்த லென்ஸும் பதிவு பண்ண முடியாது. மலை சைக்கிள்காரங்க இதுக்கு 'கோப்ரோ எஃபெக்ட்'னே பேர் வெச்சிருக்காங்க.

விளைவு என்ன? வீடியோவைப் பார்த்த ஃப்ரெண்டு 'இவ்வளவுதானா மச்சி?'ங்கிறான். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் செங்குத்தான பாதை தேடுறீங்க. அதுவும் படத்துல தட்டையாத்தான் வரும். அதுக்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்... உங்க உடம்பு 'இது போதும்'னு சொன்ன இடத்தை விட்டுட்டு, லென்ஸுக்கு எது போதுமோ அந்த இடத்தைத் தேடிப் போக ஆரம்பிச்சுடுறீங்க. லென்ஸுக்கு எதுவுமே போதாது.

மோட்டார் பைக்ல இந்தக் கதை எங்கே போய் முடியுதுன்னு 2023-ம் வருஷம் வரிசையாக் காட்டுச்சு. மே மாசம் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பார்த்த டேராடூன் யூடியூபர் அகஸ்தய் சௌஹான் விபத்துல செத்துப்போனார். ஹெல்மெட் துண்டு துண்டா உடைஞ்சு கிடந்ததா செய்திகள் சொல்லிச்சு. செப்டம்பர்ல நம்ம டிடிஎஃப் வாசன், காஞ்சிபுரம் பக்கம் தாமல்கிட்ட வீலிங் பண்ணப்போய் விழுந்து கையை முறிச்சுக்கிட்டார். கைது, ஜெயில். ஜாமீன் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனா, பைக்கை எரிச்சுடலாம், யூடியூப் சேனலை மூடிடலாம்னு நீதிபதி காட்டமாவே சொல்லிட்டார். லைசென்ஸும் பத்து வருஷத்துக்கு, அதாவது 2033 வரைக்கும் போச்சு. அவர் உடம்பு பூரா பாதுகாப்புக் கவசம் மாட்டியிருந்தார்ங்கிறதை மறந்துடாதீங்க. வீடியோவைப் பார்த்து அதே மாதிரி பண்ற தம்பி லுங்கியில இருப்பான்.

அந்த வருஷத் தீபாவளிக்கு நம்ம ஊர்ச் சரக்கையும் இதுக்குள்ள இழுத்துட்டாங்க. திருச்சி பக்கம் பைக் முன்னாடி வாணவெடியைக் கட்டி, முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக்கிட்டே வெடிக்கவிட்டு ரீல்ஸ் போட்டாங்க. வீடியோ வைரல் ஆச்சு, போலீஸ் தூக்கிடுச்சு. அந்த அட்டைப் பெட்டி மேல 'கையில் வைத்து வெடிக்காதீர்கள், தள்ளி நில்லுங்கள்'னு எழுதியிருக்குமே... பட்டாசைச் செஞ்சதும் நாம, அந்த வரியை அச்சடிச்சதும் நாம. குட்டி ஜப்பானோட ரெண்டு தொழிலையும் ஒரே நேரத்துல அவமானப்படுத்திட்டாங்க!

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. குற்றாலம் வரைக்கும் போற கும்பல், அப்படியே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு ஒரு ரைடு போடுற வழக்கம் உண்டு. ஹெல்மெட்ல கேமரா மாட்டினா 1000 ரூபாய் அபராதம், மூணு மாசம் வரைக்கும் லைசென்ஸ் சஸ்பெண்ட்னு கேரள மோட்டார் வாகனத் துறை 2022-ல அறிவிச்சது. ஐஎஸ்ஐ முத்திரை வாங்கின ஹெல்மெட்டை நீங்க மாத்தினா, அது முத்திரை வாங்கின ஹெல்மெட் இல்லைங்கிறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கிற வாதம். சைக்கிளுக்கு இந்த விதி வராது, ஆனா மண்டை அதே மண்டை. மேற்கு மலைப் பக்கம் போறவங்களுக்கு இன்னொரு தகவல். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடு 2021-லேர்ந்து புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம உள்ளே மிதிச்சுட்டுப் போய் வீடியோவும் போட்டீங்கன்னா, ஃபாரஸ்ட்காரங்களுக்கு வேலை மிச்சம். சாட்சியை நீங்களே எடிட் பண்ணி, பாட்டும் போட்டு அனுப்பி வெச்ச மாதிரி.

அப்போ கேமராவைத் தூக்கிப் பரண்ல போடணுமா? வேண்டாம். தலையை விட்டு இறக்குங்க, போதும். நெஞ்சுல பட்டை போட்டு மாட்டலாம்னு சொல்லுவாங்க. எனக்கு அதுவும் அவ்வளவாப் பிடிக்கலை. மலை சைக்கிள்ல பாதி நேரம் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னாடிதான் விழுவோம், அப்போ நெஞ்சு எலும்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கட்டி எதுக்கு? ஹேண்டில்பார்லயே கிளாம்ப் போட்டு மாட்டுங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணிட்டு அப்படியே விட்டுடுங்க. சிவப்பு லைட் எரியுதான்னு ஓடும்போது தடவிப் பார்க்கிற பழக்கம் சாத்தூர் ரோட்டு லாரிகளுக்கு நடுவுல வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே ஹெல்மெட்ல பசை ஒட்டியிருந்தா சுரண்டாதீங்க, தின்னர் போடாதீங்க. ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.

சரிவு நிஜமாவே சரிவாத் தெரியணும்னு ஆசையா? கேமராவை ஃப்ரெண்டு கையில கொடுங்க, இல்லை ஒரு கல்லு மேல வைங்க. பாதைக்குப் பக்கவாட்டுல, கொஞ்சம் தள்ளி, மட்டமா. ஃப்ரேமுக்குள்ள ஒரு பனைமரம் வர்ற மாதிரி பார்த்துக்கோங்க. நம்ம பக்கம் அதுக்கா பஞ்சம்? நட்டமா நிக்கிற பனைக்குப் பக்கத்துல நீங்க இறங்கும்போது, நீங்க பிரேக்கை எதுக்காக அப்படி இறுக்கிப் பிடிச்சீங்கன்னு பார்க்கிறவங்களுக்கும் புரியும்.