பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா?



"கடனெடுத்துப் பாவித்த ஜீப் ஒன்று வாங்கப் போகிறோம். பழைய எஞ்சின் உள்ளதை எடுப்பதா, புதிய எஞ்சின் மாற்றிப் போட்டதை எடுப்பதா?" என்று முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் இதே கேள்விக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. அதைச் சொல்கிறேன்.

2009இல் வன்னியில் கணவரை இழந்தபின், இரண்டு பிள்ளைகளோடு பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணனிடம் ஒரு பழைய லாண்ட்ரோவர் இருந்தது. பஸ் ஏறாத மேல் டிவிஷனுக்கு அரிசி மூட்டையும் மரக்கறியும் அதில்தான் போகும். சில இரவுகளில் பிரசவ வலியோடு ஒரு தாயும் அதில்தான் இறங்குவாள். வண்டியின் கணக்குக் கொப்பி என் கையில்.

2019இல் அது புகை கக்கி ஏற்றத்தில் நின்றுவிட்டது. கராஜ்காரர் இரண்டு வழி சொன்னார். பழைய எஞ்சினையே பிரித்துத் திருத்தலாம்; அல்லது பாவித்த 200 டிடிஐ எஞ்சின் ஒன்றைப் போடலாம். அண்ணனுக்குப் புதியதில்தான் ஆசை. கராஜ்காரர் அண்ணனைப் பார்த்தே பேசினார். தவணை கட்டப்போவது நான் என்பதால் நானும் கேள்வி கேட்டேன்.

எங்களுடையது 1961இல் அறிமுகமான 2.25 லீட்டர் டீசல் எஞ்சின். ஏறக்குறைய 62 குதிரைவலு. ஏற்றத்தில் நத்தைதான். 200 டிடிஐ 1990இல் டிஃபெண்டர் வண்டிக்கு வந்தது, 2.5 லீட்டர், 107 குதிரைவலு. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழுவை அதிகம். டீசல் செலவும் குறைவு. இரண்டிலுமே கம்பியூட்டர் இல்லை. 1998இல் வந்த டிடி5 எஞ்சினில்தான் டீசலை எப்போது, எவ்வளவு விடுவது என்பதைக் கம்பியூட்டர் தீர்மானித்தது. அது பழுதானால் ஸ்பானர் மட்டும் போதாது, சோதிக்கும் கருவியும் வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய பெட்ரோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைய எஞ்சின்கள் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது.

அப்படியானால் 200 டிடிஐக்கு என்ன குறை? எங்கள் வண்டியின் கியர் பெட்டியும் பிரேக்கும் 62 குதிரைவலு எஞ்சினோடு வந்தவை. 107ஐ அவை தாங்க வேண்டும். பழைய எஞ்சினுக்குள் ஓடுவது சங்கிலி. புதியதில் ரப்பர் பெல்ட். காலத்துக்கு மாற்றாமல் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடலாம். "இந்த பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?" என்று கேட்டேன். கராஜ்காரருக்குத் தெரியவில்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பழையதையே திருத்தினோம். நட்டம் இல்லாமல் இல்லை. 2022இல் டீசல் லீட்டர் 121 ரூபாயிலிருந்து 460 ரூபாய்க்கு ஏறியபோது இரண்டு தவணை தவறியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆனாலும் வண்டி இன்றும் ஓடுகிறது. எங்கே, எப்போது, என்ன மாற்றினோம் என்பது கொப்பியில் இருக்கிறது.

ஆகவே சகோதரி, பழையதா புதியதா என்பதைவிட, அதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்பதே முக்கியம். உங்கள் ஊரில் யார் திருத்துவார்? உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? பெல்ட் எப்போது மாற்றப்பட்டது? கியரும் பிரேக்கும் தாங்குமா? எஞ்சினில் உள்ள இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா? இவற்றுக்குப் பதில் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

தம்பி பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. கராஜுக்கு நீங்களும் போங்கள்.