முதலில் மோட்டரைக் கேளுங்கோ

தம்பி பதினோராம் ஆண்டு. போன தவணை பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு றோவர் செய்தான். நாலு மஞ்சள் கியர் மோட்டர், இரண்டு லித்தியம் பற்றறி, ஒரு ஆர்டுயினோ, அதோடு யூரியூப்பில் எல்லாரும் காட்டுகிற அந்தச் சிவப்பு போர்ட். கறுப்பு ஹீற் சிங்க் ஒன்று நிமிர்ந்து நிற்குமே, எல்298என், அதுதான். வீட்டுச் சீமெந்து நிலத்தில் நல்லா ஓடியது. அம்மம்மாவின் கதிரைக்குக் கீழால் புகுந்து மற்றப் பக்கத்தால் வந்தது. கண்காட்சியன்று முற்றத்து மணலில் விட்டால், அரை அடி போகும், நிற்கும், ஆர்டுயினோவின் லைற் அணைந்து திரும்ப எரியும், திரும்ப அரை அடி. "கோட் பிழை போல" என்று பொறுப்பாக நின்ற ஒருத்தர் சொல்லியிருக்கிறார். இவன் மூன்று இரவு இருந்து கோட்டைத் திரும்பத் திரும்ப எழுதினான். நாலாம் நாள் சொன்னான்: "அக்கா, எனக்கு மற்ஸ் சரிவராது. நானும் ஆர்ட்ஸே செய்யிறன்."

அந்த "நானும் ஆர்ட்ஸே" எனக்குச் சுள்ளென்றது. நான் கலைப்பீடத்துக்கு விரும்பி வந்தவள். ஒருத்தன் விருப்பத்தோடு வந்தால் வரட்டும். மணலில் றோவர் நின்றதென்று வரக்கூடாது.

அதனால்தான் அந்த போர்ட்டின் டேற்றா ஷீற்றைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலம்தான், ஆனால் எங்கட மூன்றாம் வருட வாசிப்புகளை விட லேசு. விசயம் இவ்வளவுதான்: எல்298என் பழைய வகைத் திரான்சிஸ்டர்களால் ஆனது. மின்னோட்டம் அதுக்குள்ளால் போகும்போது தன் பங்கை எடுத்துவிட்டுத்தான் மோட்டருக்கு விடும். 1 அம்பியர் போனால் 1.8 முதல் 3.2 வோல்ற் வரை இழப்பு. 2 அம்பியர் என்றால் இழப்பு 4.9 வோல்ற் வரைக்கும் போகலாம். 46 வோல்ற் வரைக்கும் தாங்கக்கூடிய சாமான் அது. 24 வோல்ற்றில் ஓடும் பெரிய மோட்டருக்கு இரண்டு மூன்று வோல்ற் போனால் யாருக்கும் தெரியாது. தம்பியிடம் இருந்ததோ மொத்தமே 7.4 வோல்ற். அதில் இரண்டு போனாலே நாலில் ஒரு பங்குக்கு மேல் சூடாகிப் போய்விட்டது.

இனி மோட்டர். ஒரு மோட்டர் சுழலாமல் இறுகி நிற்கும்போதுதான் ஆகக்கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். அதைக் கணக்கிட உயர்தரம் தேவையில்லை. சாதாரணதர விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதி போதும், அதை நாங்கள் எல்லாரும் சோதனைக்காகப் பாடமாக்கி, சோதனை முடிந்த பின்னேரமே மறந்தவர்கள்தான். பக்கத்து வீட்டு அண்ணாவிடம் மல்ரிமீற்றர் வாங்கி மோட்டரின் இரண்டு முனையிலும் வைத்தோம். அச்சை மெல்லத் திருப்பித் திருப்பி நாலைந்து முறை பார்த்து, ஆகக் குறைந்ததை எடுத்தோம். 4 ஓம் அளவில் வந்தது. 7.4 ஐ 4 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.85 அம்பியர். ஒரு பக்கத்துக்கு இரண்டு மோட்டரைச் சமாந்தரமாகப் பூட்டியிருந்தான். அப்ப 3.7. எல்298என் ஒரு பக்கத்துக்குத் தருவது 2. இதைத் தவிர, ஆர்டுயினோவுக்கும் அதே சிவப்பு போர்ட்டின் 5 வோல்ற் முனையிலிருந்துதான் வயர் போட்டிருந்தான். அந்த 5 வோல்ற் ஒழுங்காக வர பற்றறியில் 7 வோல்ற் அளவாவது இருக்கவேண்டும். மணலில் சில்லு புதைய மோட்டர் இழுக்கும், பற்றறி 7க்குக் கீழே சரியும், ஆர்டுயினோ செத்துப் பிறக்கும். கோட்டில் ஒரு பிழையும் இல்லை. மூன்று இரவு!

எனக்குக் கோபம் இங்கதான். "எந்த போர்ட் வாங்கலாம்?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி. கடைக்காரரும் வீடியோக்காரரும் அதுக்குத்தான் பதில் சொல்கிறார்கள். மோட்டர் என்ன கேட்கிறது என்று யாரும் பார்க்கிறதில்லை. நான் சொல்வது: மோட்டரை அளக்காமல் போர்ட் வாங்காதேங்கோ. இரண்டு பற்றறி றோவருக்கு எல்298என்னை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் குடுக்காதேங்கோ.

அதுக்காக அது குப்பை என்று சொல்லவில்லை. எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஸ்குறூ ட்ரைவர் மட்டும் போதும், கொஞ்சம் பிழையாகப் பூட்டினாலும் தாங்கும். மஞ்சள் மோட்டருக்கு 6 வோல்ற் போதும், ஆகவே இழப்பும் நல்லதுதான் என்று ஒரு நண்பன் வாதாடினான். அது கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் கோட்டில் வேகத்தை 80 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தினாலும் அதே 6 வோல்ற் கிட்டத்தான் வரும், சூடாக்கி வீணாக்காமல்.

நாங்கள் எடுத்தது தோஷிபாவின் ரிபி6612, இரண்டு போர்ட், ஒரு வழிக்கு ஒரு மோட்டர். தொடர்ந்து 1.2 அம்பியர், கொஞ்ச நேரத்துக்கு 3.2 வரை. உள்தடை அரை ஓம் அளவில்தான், அதனால் 1 அம்பியருக்கு அரை வோல்ற்தான் இழப்பு. மோட்டர் பக்கம் 13.5 வோல்ற் வரை குடுக்கலாம், பிறகு மூன்று பற்றறி போட்டாலும் பயமில்லை. டிஆர்வி8833 உம் நல்லது, ஆனால் அதன் எல்லை 10.8, மூன்று பற்றறிக்குச் சரிவராது. ஈயம் பற்றவைக்கத் தெரியவேண்டும், முனை மாறினால் புகைதான். ஒன்றைப் புகைத்தும் விட்டோம், அது என்ர கை.

சிலர் நேரே பிரிஎஸ்7960க்குப் போகிறார்கள், "43 அம்பியர்" என்று போட்டிருப்பதால். அது தொடர்ந்து குடுக்கிற அளவில்லை, சிப் தன்னைக் காப்பாற்ற மின்னோட்டத்தை மட்டுப்படுத்தத் தொடங்குகிற இடம். மேலும் ஒரு போர்ட்டுக்கு ஒரு மோட்டர்தான். சைக்கிளில் பால் வாங்கப் போக லொறி பிடிக்கிற கதை.

ஆர்டுயினோவுக்குப் பழைய பவர் பாங்க் ஒன்றைத் தனியாகக் குடுத்தோம். தரை வயரை எல்லாத்தோடும் இணைக்க மறந்து ஒரு பின்னேரம் போனது.

போன ஞாயிறு அதே மாதிரி மணலில் விட்டோம். கோட்டில் வேக எல்லையைத் தவிர ஒன்றையும் மாற்றவில்லை. நேரே போகிறது, நிற்கிறதில்லை. திரும்பும்போது மட்டும் பின் சில்லு புதைகிறது. சில்லு ஒடுக்கம் என்கிறான் அவன், பாரம் பின்னுக்குக் கூட என்கிறேன் நான். உயர்தரத்துக்கு என்ன பாடம் என்று நான் இன்னும் கேட்கவில்லை. மல்ரிமீற்றரையும் இன்னும் திருப்பிக் குடுக்கவில்லை.