ஆடவர் கையுறையும் மகளிர் கையுறையும்

கையுறை என்னும் சொல் நம் பழந்தமிழ் நூல்களிற் கைக்கு இடும் உறையைக் குறித்ததன்று. தலைவன் தலைவிக்கெனக் கொணரும் தழையும் பூவுமாகிய காணிக்கையே அந்நாளிற் கையுறை எனப்பட்டது. குறுந்தொகையின் முதற்பாட்டே தோழி கையுறை மறுத்த துறைக்கு உரியதாகச் சொல்லப்படுதலைத் தமிழ் பயில்வோர் அறிவர். இந்நாளிலோ அச்சொல் குளிரினின்றும் காயத்தினின்றும் கையைக் காக்கும் உறைக்கு வழங்குகின்றது. அவ்வுறையுள் தோலாற் செய்யப்பட்டதனை ஆடவர்க்கு ஒன்றும் மகளிர்க்கு ஒன்றுமாகப் பகுத்து விற்கும் வழக்கம் எத்துணைப் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் வேற்றுமைகளைக் காண்போம். ஆடவர்க்கென ஆக்கப்படுவது பெரும்பாலும் மணிக்கட்டளவில் நின்றுவிடும். தோல் சற்றுத் தடித்திருக்கும். விரல்கள் மடங்குதற்குச் சிறிது இடம் விட்டுத் தைப்பர். உள்ளே கம்பளித் துணி வைப்பர். மகளிர்க்கென ஆக்கப்படுவது மெல்லிய குட்டித்தோலாலாகிக் கையோடு ஒட்டிக் கிடக்கும். உள்ளே பட்டுத் துணி இருக்கும். விருந்துக்குரியதாயின் முழங்கையையும் கடந்து நீளும். பெருவிரலை நீக்கி உள்ளங்கையைச் சுற்றி அங்குலத்தால் அளந்து வரும் எண்ணே கையுறையின் எண்ணாகும். கடைகளில் மகளிர்க்கு 6 முதல் 8 வரையிலும், ஆடவர்க்கு 8 முதல் 10 வரையிலும் உள்ள எண்களே மிகுதியும் கிடைக்கும்.

இவ்வேற்றுமை இயற்கையால் வந்ததன்றோ எனச் சிலர் வினவலாம். ஒருபாதி உண்மையே. சராசரியாக நோக்குமிடத்து ஆடவர் கை நீளத்தாலும் அகலத்தாலும் பெரிது. ஆயினும் சராசரி என்பது எவருடைய கையும் அன்று. சிறு கையுடைய ஆடவரும் பெருங் கையுடைய மகளிரும் எவ்வூரிலும் உளர். பிரான்சு தேசத்துக் கிரெனோபில் நகரத்தவராகிய சேவியர் ஜூவேன் என்பார் கைகளை நுணுகி ஆராய்ந்து 320 அளவுகளாக வகுத்து, அவற்றிற்கேற்பத் தோலை வெட்டும் இரும்பு அச்சினையும் 1834-ஆம் ஆண்டளவிற் கண்டனர். கையின் வகை இரண்டல்ல, பல என்பது அன்றே புலப்பட்டுவிட்டது.

அங்ஙனமாயின் எஞ்சிய வேற்றுமை எங்கிருந்து வந்தது? வழக்கத்திலிருந்தே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சீமாட்டிகள் தம் கையுறையை அணிதற்கு முன் மரக் கருவியால் அதன் விரல்களை விரித்து, உள்ளே பொடியும் தூவவேண்டியிருந்தது; அத்துணை இறுக்கம். உழையாத சிறு கையே உயர்குடிக்கு அடையாளம் எனக் கருதியமையே அதற்குக் காரணம். ஆடவர் கையுறையோ குதிரையின் கடிவாளம் பற்றுதற்கும் வண்டி ஓட்டுதற்கும் உதவுவதாக அமைந்தது. ஒன்று வேலைக்கு, மற்றொன்று காட்சிக்கு. ரெபெக்காள் வெள்ளாட்டுக் குட்டித்தோலை யாக்கோபின் கைகளில் இட்டு, பார்வை மங்கிய ஈசாக்கை மயக்கிய வரலாறு ஆதியாகமத்தில் உள்ளது. கைமேல் இட்ட தோல் உள்ளிருக்கும் கையைக் குறித்துப் பொய் சொல்லுதல் அன்றோடு ஒழியவில்லை. மகளிர் உழைப்பதில்லை என்னும் பொய்யை இறுக்கமான கையுறையும் நெடுநாள் சொல்லிவந்தது.

நிற்க. விருந்தில் அணியும் கையுறை எவ்வடிவினதாயினும் நமக்கு வழக்கில்லை. அது அவரவர் விருப்பம். தொழிற்கையுறையில்தான் தீங்கு நேர்கின்றது. இரும்பைப் பற்றவைத்தல், முட்செடி களைதல், கூரிய தகடு தூக்குதல் முதலிய தொழில்களுக்குரிய தோற்கையுறைகள் நெடுங்காலம் ஆடவர் கையை மனத்திற்கொண்டே செய்யப்பட்டன. அதனைச் சிறு கையுடைய பெண்ணொருத்தி அணியின் விரல்நுனி வெறிதே மடங்கும், பிடி நழுவும், உறை தகட்டின் விளிம்பிற் சிக்கும். அவள் அதனைக் கழற்றி வைத்து வெறுங்கையால் வேலை செய்வாள். காயம் பட்டபின், கொடுத்த கையுறையை அணியவில்லை என்று அவள்மேலேயே குற்றம் சாட்டப்படும். பழந்தமிழ்த் தோழி கையுறை மறுத்தது ஒரு நயம். இவள் மறுப்பது வேறு வழியின்மையால்.

பெண்தொழிலாளர் சிலராயிருக்கப் பல அளவுகளை வாங்கி வைத்தல் வீண்செலவு அன்றோ என முதலாளிமார் கூறுவர். அது பொருந்தாது. காப்புக் கையுறைகளுக்குரிய ஐரோப்பியத் தரவிதியின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆண் பெண் என்னும் பெயரையே எடாமல், கையின் சுற்றளவையும் நீளத்தையும் கொண்டே 6 முதல் 11 வரை ஆறு எண்களை வகுத்தது. 6-ஆம் எண்ணுக்குச் சுற்றளவு 152 மில்லிமீட்டர், நீளம் 160; 11-ஆம் எண்ணுக்குச் சுற்றளவு 279, நீளம் 215. இம்முறையால் நலம் பெறுவோர் மகளிர் மாத்திரமல்லர். சிறு கையுடைய இளைஞரும், நீண்ட விரலுடைய மகளிரும் பயன் பெறுவர். ஆறு எண்களை வாங்கி வைத்தற்கு ஆகும் செலவு ஒருவர் விரலின் விலைக்கு ஈடாகுமோ?

அன்றியும், மகளிர்க்கெனத் தனியே பெயரிட்டு, எண்ணைக் குறைத்ததோடு தோலையும் மெலிதாக்கி வண்ணம் பூசி விற்றலும் தீர்வாகாது. சிறு கை பற்றும் இரும்பு சிறிதும் குளிர்ந்ததன்று. அதனைத் தாக்கும் முள்ளும் கூர்மை குறைந்ததன்று. அளவு குறையலாம், காப்புக் குறைதல் தகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. தோலாராய்ச்சிக்கெனச் சென்னையில் 1948-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய நிலையமும் உண்டு. தோற்பொருள்களைத் தைக்கும் கைகளிற் பல மகளிருடையவை. பிறர் கைக்கு அளவறிந்து தைப்போரின் கைக்கு அளவறிந்த உறை வேண்டாவோ?

நம் கல்லூரியினின்று வெளியேறுவோரிற் பலர் பட்டறைகளையும் தோட்டங்களையும் ஆய்வுக்கூடங்களையும் நடத்தும் பொறுப்பை ஏற்பர். அவர்கள்பால் நாம் வேண்டிக்கொள்வது இதுவே: கையுறை வாங்குமுன் அணிவார் கையை ஒரு நாடாவினால் அளந்துகொள்ளுங்கள். ஆண் கை, பெண் கை என்று பாராது, உழைக்கும் கை என்று பார்ப்பதே அறம்.